ஸ்டீமில் இடம் கிடைப்பது வேறு, முகப்பில் இடம் கிடைப்பது வேறு

"எங்க கேமை ஸ்டீம்ல எடுத்துப்பாங்களா?" கேம் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையக் கடை. கடலூரிலோ புதுச்சேரியிலோ கல்லூரி முடித்து, கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியோ கோடோவோ பழகி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சின்னதாக ஒரு கேம் செய்கிறவர்களுக்கு இதில் பெரிய பயம் இருக்கிறது. அமெரிக்காவில் யாரோ உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பெரும்பாலான கடைகளில் அப்படி யாரும் இல்லை. ஆவணங்கள் சரியாக இருந்து, கேம் ஒழுங்காக ஓடி, தடை செய்த சமாச்சாரம் எதுவும் இல்லையென்றால் உள்ளே விட்டுவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடலாம். நடந்து போகிறவர் நம் விரிப்பின் முன் நிற்கிறாரா என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் அதிகமான கேம்கள் வந்தன.

ஆகவே கடை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்டால், அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எதை உள்ளே விடுவது? உள்ளே வந்ததை யார் கண்ணில் காட்டுவது? முதலாவதை ஆட்கள் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் கணினி, வாங்குகிறவர்கள் எங்கே பணம் போடுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறது.

முன்பு இப்படி இல்லை. 2003இல் தொடங்கிய ஸ்டீம், 2005 முதல் வெளியாருடைய கேம்களையும் விற்றது. எதை விற்பது என்பதை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவன ஊழியர்களே கையால் பொறுக்கினார்கள். 2012 ஆகஸ்டில் கிரீன்லைட் வந்தது: ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு வேண்டிய கேமை மேலே தள்ளலாம். ஓட்டுக்கு இலவசக் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) கொடுக்கும் பழக்கமும் கூடவே வந்தது. 2017 ஜூனில் அதை மூடிவிட்டு, கட்டணம் கட்டினால் நுழையலாம் என்ற ஸ்டீம் டைரக்டைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு இணையக் கடையான எபிக் கேம்ஸ் ஸ்டோரும் அப்படித்தான்: 2018 டிசம்பரில் திறந்தபோது அவர்களே தேர்ந்தெடுத்தார்கள், 2023 மார்ச்சில் யாரும் தாங்களே வெளியிடலாம் என்றானது. பழைய யூடியூப் வீடியோவில் "ஓட்டுச் சேருங்கள்" என்று யாராவது சொன்னால் அதன் தேதியைப் பாருங்கள்.

உள்ளே போகும் வழி

கடலூர் முதுநகரில் மூன்று பேர் கட்டுமரத்தில் கடலுக்குப் போய் மீன் பிடிக்கும் ஒரு கேம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ஓடும், நான்கு மணி நேரம் ஆடலாம். ஸ்டீமுக்குள் அது எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

முதலில் டெவலப்பர்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில் கணக்கு. சட்டப்படியான பெயர், முகவரி, வங்கி விவரம், வரிப் படிவம், அடையாளச் சான்று. நம் ஊரில் முதல் தடங்கல் இங்கேதான் வரும், காரணம் இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும். ஸ்டீமில் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் வரிப் படிவத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கேம் முடியும்வரை காத்திருக்காமல், பெயர்த் திருத்த வேலையை முதல் மாதமே தொடங்கிவிடுவது நல்லது. மூவரும் சேர்ந்து செய்தால் கணக்கு யார் பெயரில், பணம் எப்படிப் பிரியும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொள்ளுங்கள். அதை ஸ்டீம் கேட்காது, பணம் வரும்போது உங்களுக்கே தேவைப்படும்.

அடுத்தது கட்டணம், ஒரு கேமுக்கு 100 டாலர். அந்த கேம் 1,000 டாலர் விற்பனையைத் தாண்டினால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் புதியவர்கள் கேமை வெளியிட முடியாது. 'விரைவில் வருகிறது' என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் கடையில் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு கெடுவையும் அறியாமல் "பொங்கலுக்கு வெளியீடு" என்று போஸ்டர் போட்டுவிட்டு, மார்கழி கடைசியில் பணம் கட்டுகிறவர்கள் உண்டு.

பிறகு கடைப் பக்கம். 1920×1080 அளவில் குறைந்தது ஐந்து ஸ்கிரீன்ஷாட், அவை கேமுக்குள் எடுத்தவையாக இருக்க வேண்டும். டிரெய்லர். சிறு விளக்கம், பெரு விளக்கம். வன்முறை, பாலியல் காட்சி இருக்கிறதா என்ற கேள்விப் பட்டியல். 2024 ஜனவரி முதல் ஏஐ கொண்டு படமோ குரலோ செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு மாட்டினால் கோபப்படுவது வால்வ் மட்டுமில்லை, வாங்கியவர்களும்தான்.

கேப்ஸ்யூல் எனப்படும் கடைப் படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் திரும்பி வருவது இவைதான். பக்கத்தின் தலைப் படம் 920×430, சிறியது 462×174, முகப்புக்கானது 1232×706. 2022 செப்டம்பர் முதல் இவற்றில் ஓவியம், கேமின் பெயர், அதிகாரபூர்வத் துணைத் தலைப்பு தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது. விருது இலச்சினை, "சிறந்த கேம்" என்ற மேற்கோள், "20% தள்ளுபடி" எல்லாவற்றுக்கும் தடை. சிறிய படத்தில் பெயர் படிக்க முடிகிறதா என்பதை போனில் பார்த்தே முடிவு செய்யுங்கள். பெயர் தமிழ்ச் சொல்லாக இருக்கட்டும், பிரச்சினையில்லை. முதன்மைப் படத்தில் எழுத்து ரோமனில் இருக்கட்டும். மொழிவாரியாக வேறு படம் வைக்கலாம், ஆனால் ஸ்டீம் கடை ஓடும் மொழிகளில் தமிழ் இல்லை.

பக்கத்தை வால்வ் ஊழியர் ஒருவர் பார்ப்பார். மூன்று முதல் ஐந்து வேலை நாள் ஆகும். அதன்பின் கேமின் பில்டு, அதாவது ஓடத் தயாரான கேம் கோப்புகள். அதற்கும் அதே அளவு. வெளியீட்டுக்கு ஏழு வேலை நாளாவது முன்பே அனுப்பிவிடுங்கள். சனி ஞாயிறு கணக்கில் வராது, அமெரிக்க விடுமுறையும் வராது.

பில்டைப் பார்ப்பவர் கேம் ரசமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நிறுவுகிறார், திறக்கிறார், பக்கத்தில் சொன்னது உள்ளே இருக்கிறதா என்று சரிபார்க்கிறார். கன்ட்ரோலர் ஆதரவு உண்டு என்று டிக் போட்டிருந்தால் கன்ட்ரோலரைச் செருகிப் பார்ப்பார். பிரெஞ்சு உண்டு என்றால் மொழியை மாற்றிப் பார்ப்பார். தோற்பது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால். பில்டை ஏற்றியாகிவிட்டது, ஆனால் டெப்போவை, அதாவது அந்தக் கோப்புகள் இருக்கும் தொகுப்பை, விற்பனைப் பேக்கேஜில் சேர்க்கவில்லை. அதனால் வாங்கியவருக்கு வெறும் கோப்புறை இறங்கும். கேமைத் திறக்கும் லாஞ்ச் ஆப்ஷனில் எக்ஸி கோப்பின் பாதை தப்பு. கேம் ஓடத் தேவையான, உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விஷுவல் சி++ கோப்புகள் அவர் கணினியில் இல்லை. மேக்கிலும் ஓடும் என்று ஆசையில் டிக் போட்டுவிட்டு மேக் பில்டே ஏற்றவில்லை. டெவலப்மென்ட் மென்பொருள் எதுவும் நிறுவாத ஒரு லேப்டாப்பை யாரிடமாவது வாங்கி, ஸ்டீம் வழியாகவே இறக்கி ஓட்டிப் பார்த்தால் இவற்றில் முதல் மூன்றும் ஒரே மாலையில் பிடிபடும்.

மறுத்துவிடும் விஷயங்களும் உண்டு. வெறுப்புப் பேச்சு, உரிமையில்லாத பாட்டு அல்லது படம், வைரஸ், சிறுவர்களைச் சுரண்டும் எதுவும், என்எஃப்டி எனப்படும் டிஜிட்டல் உரிமைச் சீட்டுகளை வாங்கி விற்கும் கேம்கள், விளம்பரம் பார்த்தால்தான் அடுத்த கட்டம் போகலாம் என்ற அமைப்பு. கடைசியாகச் சொன்னது போன் கேமிலிருந்து வருகிறவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். அங்கே சம்பாத்தியமே விளம்பரத்தில்தான், ஸ்டீமில் அதற்கு இடமில்லை. இளையராஜா பாட்டின் இரண்டு விநாடித் துண்டாவது பின்னணியில் இருக்கட்டுமே என்று நினைக்கிறவர்களுக்கும் பதில் இதுவே: உரிமை இல்லையென்றால் கூடாது.

கடைக்காரருக்கு மேலே இன்னொருவரும் இருக்கிறார்: பணப் பரிமாற்ற நிறுவனம். 2025 ஜூலையில் ஸ்டீம், கார்டு நிறுவனங்களின் விதிகளை மீறும் உள்ளடக்கத்துக்கும் தடை என்று சேர்த்தது. அதே மாதம் சின்ன கேம்களுக்குப் பேர்போன இட்ச்.ஐஓ கடை, வயதுவந்தோர் கேம்களைத் தேடலில் இருந்து எடுத்தது. மீன்பிடி கேமுக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கடையும் முழுக்கத் தன் விருப்பப்படி முடிவெடுப்பதில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முகப்பில் இடம்

விஷ்லிஸ்டில் ஆரம்பிப்போம். வாங்கப் போகிறவர் "பிறகு பார்க்கலாம்" என்று குறித்து வைப்பது அது. அதனால் கிடைப்பவை இரண்டு. வெளியீட்டு நாளில் குறித்து வைத்த எல்லாருக்கும் ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும். பின்னால் 20% அல்லது அதற்கு மேல் தள்ளுபடி கொடுக்கும்போதும் அனுப்பும். அடுத்து, 'பிரபலமான வரவுகள்' பட்டியலில் வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு இடம் கிடைக்க விஷ்லிஸ்ட் எண்ணிக்கை உதவுகிறது. டெவலப்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கணக்கு 7,000 முதல் 10,000 வரை. வால்வ் அப்படி ஓர் எண்ணை அறிவித்ததில்லை.

வெளியீட்டுக்குப் பிறகு விஷ்லிஸ்டின் பலம் குறைந்து, விற்பனை பேச ஆரம்பிக்கும். முதல் சில நாளில் எவ்வளவு பணம் வந்தது என்பதைப் பார்த்தே ஸ்டீம் அடுத்தடுத்த இடங்களைக் கொடுக்கிறது. வெளியிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்பினாலும் அவர்கள் வாங்காமல் திரும்பினால் பயனில்லை. பத்து ரிவியூ வந்ததும் கேமின் பெயர் அருகே மதிப்பீடு தெரியத் தொடங்கும். அதற்கு முன் வாங்குபவருக்கு அங்கே வெறுமைதான் தெரியும், பலர் அதைப் பார்த்தே நகர்ந்துவிடுவார்கள். 2016 முதல், ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்களின் ரிவியூ மட்டுமே அந்த மதிப்பீட்டில் சேரும். சித்தப்பா பையனுக்கும் கல்லூரி நண்பர்களுக்கும் இலவசக் கீ கொடுத்து எழுதச் சொன்னால் ரிவியூ பக்கத்தில் தெரியும், கணக்கில் ஏறாது. பணம் கொடுத்து எழுத வைப்பது விதிமீறல், கேமையே இழக்க நேரலாம்.

மதிப்பீடு 95% என்பதால் முகப்பில் தூக்கி வைப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் இழப்பு. மற்றபடி கணினி பார்ப்பது பணத்தையும் ஆடும் ஆட்களையும்.

கேம் எந்த வகை என்று சொல்லும் குறிச்சொல்லான டேக் என்பதைப் பலரும் அவசரமாகப் போட்டு முடிக்கிறார்கள். இருபது டேக் வரை போடலாம். எந்த கேமின் கீழே "இதைப் போன்றவை" என்று உங்கள் கேம் தெரியும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. "இண்டி", "கேஷுவல்" என்று முன்னால் போட்டால் ஆயிரக்கணக்கான கேம்களோடு கலந்துவிடும். நம் கட்டுமர கேமுக்கு மீன்பிடித்தல், பாய்மரப் பயணம், உயிர் பிழைத்தல் என்ற மாதிரிக் குறுகிய டேக்குகள் முதல் ஐந்தில் வர வேண்டும். ஏற்கெனவே நன்றாக விற்ற மூன்று நான்கு மீன்பிடி கேம்களின் பக்கத்தைத் திறந்து, அவை என்ன டேக் வைத்திருக்கின்றன என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இருட்டுச் சூழல் இல்லாத கேமுக்கு 'ஹாரர்' போட்டால் ஆட்கள் வருவார்கள், ஏமாந்து பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நான்கு மணி நேர கேமில் முதல் அரை மணியில் வலை வீசக்கூட விடாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று வருடத்துக்கு மூன்று முறை டெமோ திருவிழா நடக்கும்: பிப்ரவரி, ஜூன், அக்டோபர். ஒரு கேம் வாழ்நாளில் ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். ஆகவே கேம் பாதி வெந்த நிலையில் அந்த வாய்ப்பைச் செலவழிப்பது வீண். வெளியீட்டுக்கு முன் வருகிற கடைசித் திருவிழாவுக்கு வைத்துக்கொள்வதே சரி. அதற்கு முன்பே பக்கத்தைத் திறந்து சில மாதம் விஷ்லிஸ்ட் சேர்த்திருந்தால், திருவிழாவில் இன்னும் மேலே தெரியும்.

வெளியீட்டுத் தேதியில் இன்னொரு உள்ளூர்க் கணக்கு இருக்கிறது. ஸ்டீமின் அன்றாட மாற்றங்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை பத்துக்கு நடக்கும். நமக்கு அது இரவு 10:30, அங்கே குளிர்காலமானால் 11:30. வெளியிடும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும், அழுத்திய பிறகு வரும் முதல் குறைகளை விடியும்வரை திருத்த வேண்டும். நவம்பர், டிசம்பரில் கடலூர் கரையில் இதை வைத்துக்கொள்வது துணிச்சல். 2011 டிசம்பர் 30 தானே புயலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் இதே கரையில்தான் ஏறின. கரண்டும் நெட்டும் இல்லாமல் வெளியீட்டு வாரத்தைக் கழிக்கக் கூடாது. டிசம்பரில் ஸ்டீமின் பெரிய குளிர்காலத் தள்ளுபடி விற்பனையும் வருவதால், புதிய சின்ன கேமுக்கு எப்படியும் நல்ல காலமில்லை.

மொழி விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேமின் எழுத்துப் பகுதியைப் பிரெஞ்சில் சரிபார்க்க ஆள் தேடி வேறெங்கும் போக வேண்டாம். அந்த மொழியில் படித்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போட்டுவிட்டு "பிரெஞ்சு உண்டு" என்று சொன்னால், பிரெஞ்சில் எழுதும் மோசமான ரிவியூக்கள் அதற்குள்ள விலை.

ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கடைகள்

ஜிஓஜி என்ற கணினி கேம் கடையில் இன்னும் ஆட்கள்தான் முடிவு செய்கிறார்கள். படிவத்தில் விண்ணப்பித்து, ஆடக்கூடிய பில்டு கொடுக்க வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத, அதாவது டிஆர்எம் இல்லாத கேம்களே அங்கே விற்கும். நல்ல கேமையும் "எங்கள் வாடிக்கையாளருக்கு ஏற்றதில்லை" என்று மறுப்பார்கள். ஸ்டீமில் விற்பனை நிரூபித்த பின் மறுபடி கேட்பதில் தவறில்லை.

நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் முதலில் டெவலப்பராகப் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும், டெவ்கிட் எனப்படும் டெவலப்பர் கருவி வேண்டும், முடிவில் சான்றளிப்புச் சோதனை உண்டு. அது ஸ்டீம் சோதனையைவிடப் பல மடங்கு கறார். ஆடும்போது கன்ட்ரோலர் துண்டித்தால் கேம் நிற்க வேண்டும். சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் பழைய சேமிப்பு கெடக் கூடாது. திரையில் காட்டும் பொத்தான் படம் அந்தந்தக் கருவியுடையதாக இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் பொத்தானை பிளேஸ்டேஷனில் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள். முதல் கேமுக்கு இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எபிக்கில் கேமுக்கு 100 டாலர் கட்டணம். பல பேர் சேர்ந்து ஆடும் கேமானால் பிற பிசி கடைகளில் வாங்கியவரோடும் சேர்ந்து ஆட முடிய வேண்டும். விற்பனையில் கடை எடுக்கும் பங்கு 12%, 2025 ஜூன் முதல் ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தின் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கே எடுப்பதில்லை. இட்ச்.ஐஓவில் ஒப்புதல் என்று ஒன்றில்லை, கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், எதுவும் சொல்லாவிட்டால் 10%. முதல் டெமோவை அங்கே போட்டு நாலு பேரிடம் கருத்து வாங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

போன் கேம் என்றால் கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர், ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கூகுள் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை: குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள், நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆடும் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். நடுவில் இருவர் வெளியேறி எண்ணிக்கை 12க்குக் கீழே போனால் சிக்கல், ஆகவே 15, 20 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம்

ஸ்டீமின் பங்கு 30%. விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25%, ஐந்து கோடிக்கு மேல் 20%. முதல் கேமில் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்காவில் விற்றதற்கு மட்டும் அங்கே வரி பிடிப்பார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தைக் குறித்தால் 15%, அந்த இடத்தைக் காலியாக விட்டால் 30%. அமெரிக்காவில் 1,000 டாலருக்கு விற்றது என்றால் 700 உங்களுடையது, வரி 105, கையில் 595. அந்த 105ஐ இந்திய வருமான வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. வெளிநாட்டு வருமானம் பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஒரு மாத விற்பனைக்கான பணம் அடுத்த மாத முடிவுக்குள் வரும். 100 டாலர் சேரும்வரை நிறுத்தி வைப்பார்கள். வங்கிக் கிளைக்கு வெளிநாட்டுப் பணம் வரத் தேவையான ஸ்விஃப்ட் கோடு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், சிறிய கிளைகளுக்கு இருக்காது. அன்னியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் கோடைக் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் தடவை டாலர் வந்ததும் "இது என்ன பணம்?" என்று வங்கியிலிருந்து கேட்பார்கள். "ஆன்லைன் கேம்" என்று மட்டும் சொன்னால் ரம்மி நினைவு வந்துவிடும். தமிழ்நாட்டின் 2022 சட்டமும் மத்திய அரசின் 2025 சட்டமும் குறிவைப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் மீன்பிடி கேம் அந்த வகை கிடையாது. மென்பொருள் ராயல்டி என்று சொல்லி, வால்வுடன் செய்த ஒப்பந்தத்தின் நகலையும் அந்த மாத விற்பனை அறிக்கையையும் நீட்டுங்கள். அறிக்கையை மாதாமாதம் ஸ்டீம்வொர்க்ஸிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டால், வரி தாக்கல் நேரத்தில் ஆடிட்டருக்கும் அதுவே போதும்.